பில்லி ஜீன் கிங் கோப்பை: பார்க்கப் பழகுவதும் நம் ஊரில் நடத்திப் பார்ப்பதும்

நாக்-அவுட் என்றால் என்ன என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். தூத்தூர் பக்கம் கால்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கும், ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஊர் கிளப்புகள் நடத்தும் கபடியை வேலியோரம் நின்று பார்த்தவர்களுக்கும் அது தண்ணீர் பட்ட பாடு. ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. டென்னிஸ் என்றதும்தான் நம்மவர்கள் பின்வாங்குகிறார்கள். கணக்கு புரிவதில்லை. யாருக்குக் கை தட்டுவது என்று தெரிவதில்லை. பெண்கள் டென்னிஸ் என்றால் சானியா மிர்ஸாவுக்கு அப்புறம் ஒரு பெயரும் பலருக்கு நினைவில் வருவதில்லை.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் பள்ளி ஆசிரியை. டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். அண்ணன் மகள் விளையாடத் தொடங்கியதால் துணைக்குப் போய், நாளெல்லாம் கோர்ட் ஓரம் உட்கார்ந்து பழகிய அத்தை நான். தொலைக்காட்சியில் ஒருவரும் ஒருவரும் மோதும் பெரிய போட்டிகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. நாடுகள் அணி அணியாக வந்து மோதும் பில்லி ஜீன் கிங் கோப்பையைப் பார்த்த பிறகுதான் இந்த ஆட்டம் உள்ளே இறங்கியது. அதனால் புதிதாக வருகிறவர்களிடம் விம்பிள்டனில் தொடங்காதீர்கள், இதில் தொடங்குங்கள் என்று சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. இந்தப் போட்டியின் அமைப்பை அப்படியே எடுத்து நம் பள்ளி மைதானத்தில் நடத்தலாம். நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில், எங்கிருந்து வந்த போட்டி இது

ஆண்களுக்கான டேவிஸ் கோப்பை 1900-லேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1919-இல் கேட்டவர் அமெரிக்க வீராங்கனை ஹேசல் ஹாட்ச்கிஸ் வைட்மன். ஆனால் 1923-இல் கிடைத்தது அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டும் மோதும் வைட்மன் கோப்பைதான். எல்லா நாடுகளுக்குமான போட்டிக்கு மேலும் 40 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தன் ஐம்பதாவது ஆண்டான 1963-இல் லண்டன் குவீன்ஸ் கிளப்பில் 'ஃபெடரேஷன் கோப்பை' என்ற பெயரில் அதைத் தொடங்கியது. 16 நாடுகள் வந்தன. இறுதியில் ஆஸ்திரேலியாவை 2-1 என்று அமெரிக்கா வென்றது. ஒற்றையரில் ஆளுக்கொன்று போய், கடைசியில் இரட்டையர் ஆட்டத்தில்தான் கோப்பை முடிவானது. அமெரிக்க அணியில் பில்லி ஜீன் மோஃபிட் என்ற 19 வயதுப் பெண் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் பெயர் பில்லி ஜீன் கிங்.

ஒரே இடத்தில் ஒரு வாரம் நடக்கும் போட்டியாக 1994 வரை ஓடியது. 1995-இல் பெயர் 'ஃபெட் கோப்பை' என்று சுருங்கியது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குப் போய் ஆடும் முறையும் அப்போது வந்தது. 2020-இல் பில்லி ஜீன் கிங்கின் பெயரையே வைத்தார்கள். பழைய செய்திகளில் மூன்று பெயர்கள் வந்தாலும் போட்டி ஒன்றுதான்.

அவர் பெயரை வைத்தது வெறும் மரியாதைக்காக இல்லை. ஆட்டக்காரராகவும் கேப்டனாகவும் இந்தக் கோப்பையை 10 முறை வென்றவர். 1970-இல் ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனியாகப் பெண்கள் போட்டிகளைத் தொடங்கிய ஒன்பது பேரில் ஒருவர். 1973-இல் பெண்கள் டென்னிஸ் சங்கத்தை உருவாக்கியவர். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பரிசுத்தொகை கிடைத்ததற்கும் அவரே முன்னின்றார். மாணவிகளுக்குப் போட்டியை விளக்கும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான். கதை தெரிந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

கணக்குக்காக: அதிக முறை வென்றது அமெரிக்கா, 18. செக்கோஸ்லோவாக்கியாவையும் சேர்த்து செக் நாட்டுக்கு 11. ஆஸ்திரேலியா 7. இத்தாலி 2024, 2025 என்று அடுத்தடுத்து வென்று 6-ஐத் தொட்டது.

ஒரு 'டை'யை முழுசாகப் பாருங்கள்

இரண்டு நாடுகள் மோதும் முழு மோதலுக்கு 'டை' என்று பெயர். அதற்குள் நடக்கும் ஒவ்வோர் ஆட்டமும் 'ரப்பர்'. டை என்றதும் சமநிலை என்று நினைத்துவிட வேண்டாம், இங்கே சமநிலையே கிடையாது. இறுதிச் சுற்றுகளில் ஒரு டைக்கு மூன்று ஆட்டம். இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர். இரண்டில் ஜெயித்த நாடு அடுத்த சுற்றுக்குப் போகும்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் இரு அணிகளின் இரண்டாம் நிலை வீராங்கனைகள் மோதுவார்கள். அடுத்து முதல் நிலை வீராங்கனைகள். கடைசியில் இரட்டையர். யார் முதல் நிலை, யார் இரண்டாம் நிலை என்பது தரவரிசைப்படி. கேப்டன் இஷ்டத்துக்கு மாற்றிப் போட முடியாது. ஆனால் அணியில் இருப்பவர்களில் யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்பது கேப்டன் கையில். இரட்டையருக்கு முதலில் கொடுத்த பெயர்களை ஒற்றையர் ஆட்டங்கள் முடிந்த பிறகும் மாற்றலாம். கேப்டனுடைய மூளை வேலை செய்யும் இடம் இதுதான்.

அவர் கோர்ட்டுக்கு உள்ளேயே, வீராங்கனையின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இடம் மாறும்போது இருவரும் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ஒரு நல்ல கேப்டன் ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார். பத்து விஷயம் சொன்னால் அந்தப் பெண் திரும்பிப் போய் பந்தையே பார்க்க மாட்டாள். வகுப்பறையில் நான் படித்துக்கொண்ட பாடம் அங்கே கண்ணெதிரே நடந்தது.

உதாரணத்துக்கு 2024 நவம்பரில் ஸ்பெயினின் மாலகாவில் நடந்த அரையிறுதி. இத்தாலியும் போலந்தும். போலந்தில் இகா ஸ்வியாடெக் இருக்கிறார். அப்போது உலகின் இரண்டாம் நிலை வீராங்கனை. ஒரு தனிநபர் போட்டி என்றால் பெரும்பாலோர் அவர் பக்கம்தான் பந்தயம் கட்டுவார்கள். முதல் ஆட்டத்தில் இத்தாலியின் லூசியா பிரோன்செட்டி, மக்தா லினெட்டை வென்றார். இரண்டாவதில் ஸ்வியாடெக் ஜாஸ்மின் பாவோலினியை மூன்று செட் போராடி வென்றார். ஒன்றுக்கு ஒன்று. இப்போது இரட்டையர். பாவோலினி சற்று முன்தான் தோற்று வந்தவர், மறுபடியும் இறங்கினார். கூட நின்றவர் சாரா எர்ரானி. இருவரும் அந்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இரட்டையர் தங்கம் வென்ற ஜோடி. எதிரில் ஸ்வியாடெக்கும் கதார்சினா காவாவும். 7-5, 7-5 என்று இத்தாலி ஜெயித்தது. பிறகு இறுதியில் ஸ்லோவாக்கியாவையும் வென்றது.

இதைப் பக்கத்து வீட்டு மாமியோடு உட்கார்ந்து பார்த்தேன். பாவோலினி திரும்ப வந்து நின்றதும் மாமி, "தோத்தாச்சுல்லா மக்களே, பின்ன எதுக்கு மறுபடியும் ஆடுகா?" என்றார். நாட்டுக்காக என்றேன். அப்புறம் மாமி எழுந்திருக்கவே இல்லை. தனி ஆட்டத்தில் தோற்றவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இதில் தோற்றவளுக்கும் ஒரு மணி நேரத்தில் இன்னொரு வாய்ப்பு. தனியாக ஆடி உலகத்தையே வெல்லும் ஒருத்தி ஒரு அணியில் இருந்தாலும், இன்னும் இரண்டு பேர் சேர்ந்து ஆடாவிட்டால் அந்த நாடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2025 செப்டம்பரில் சீனாவின் ஷென்சென் நகரில் நடந்த அரையிறுதியிலும் இதே இத்தாலி ஜோடிதான் உக்ரைனுக்கு எதிராக மூன்றாவது ஆட்டத்தில் வென்று கரை சேர்த்தது.

புள்ளிக் கணக்கு, ஐந்து நிமிடத்தில்

முதல் புள்ளி 15, இரண்டாவது 30, மூன்றாவது 40, நான்காவது எடுத்தால் கேம். இருவரும் 40-இல் நின்றால் 'டியூஸ்'. அங்கிருந்து தொடர்ந்து இரண்டு புள்ளி எடுப்பவருக்குத்தான் கேம். ஆறு கேம், இரண்டு கேம் வித்தியாசத்தில் எடுத்தால் செட். 6-6 ஆனால் டைபிரேக்: ஏழு புள்ளி, இரண்டு வித்தியாசம். மூன்று செட்டில் இரண்டு எடுத்தவர் ஜெயித்தார். கோட்டில் பட்ட பந்து உள்ளே. புள்ளியைத் தொடங்க அடிக்கும் முதல் அடிக்கு 'சர்வ்' என்று பெயர், அதற்கு இரண்டு வாய்ப்பு. இது போதும். மீதி பார்க்கப் பார்க்க வரும்.

புதியவர்கள் ஒன்றை மட்டும் கூடுதலாகக் கவனித்தால் ஆட்டம் சட்டென்று திறக்கும். சர்வ் போடுபவர்தான் வழக்கமாக அந்தக் கேமை எடுப்பார். எதிராளி அதைப் பறித்தால் அதற்கு 'பிரேக்' என்று பெயர். ஸ்கோர் 4-2 என்றால் யார் எப்போது பிரேக் செய்தார் என்று தேடுங்கள். ஆட்டம் அங்கேதான் திரும்பியிருக்கும்.

இந்தியா எந்தப் படியில் நிற்கிறது

நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒவ்வோர் ஆண்டும் இதில் நுழைகின்றன. எல்லாரும் ஒரே நாளில் ஷென்சென்னுக்கு வந்து ஆட முடியாது. அதனால் உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள்: வட, தென் அமெரிக்கக் கண்டங்கள், ஆசியா-ஓசியானியா, ஐரோப்பா-ஆப்பிரிக்கா. ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாகப் பல பிரிவுகள். 2025-இல் இருந்த படிவரிசை இப்படி: மண்டலத்தின் முதல் பிரிவில் முன்னால் வரும் நாடுகள் பிளே-ஆஃபுக்குப் போகும். பிளே-ஆஃபில் குழுவில் முதலிடம் வந்தால் அடுத்த ஆண்டு தகுதிச் சுற்று. தகுதிச் சுற்றில் வென்றால் எட்டு நாடுகள் மோதும் இறுதிச் சுற்று. சுத்தமான நாக்-அவுட் அந்தக் கடைசிக் கட்டம்தான். மண்டலச் சுற்றில் எல்லாரும் எல்லாரோடும் ஆடுவார்கள். இந்த ஏற்பாடு அடிக்கடி மாறும், ஆகவே ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் அந்த ஆண்டின் அமைப்பைப் போட்டியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியா ஆசியா-ஓசியானியா முதல் பிரிவு நாடு. 2020 மார்ச்சில் துபாயில் சானியாவும் அங்கிதா ரெய்னாவும் சேர்ந்து அணியை முதன்முறையாகப் பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை பிறந்த பிறகு சானியா நாட்டுக்காகத் திரும்பிவந்து ஆடிய போட்டி அது. அந்த ஆண்டு 'ஃபெட் கோப்பை ஹார்ட் விருது' அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். பிளே-ஆஃபில் 2021-இல் லாத்வியாவிடம் தோற்றோம். அடுத்த வாய்ப்பு 2025 ஏப்ரலில் புனேயில் வந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஸ்ரீவள்ளி பமிடிபாட்டி தான் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் எல்லாவற்றையும் வென்றார். கடைசி நாளில் தென் கொரியாவை 2-1 என்று வென்று அணி பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. அந்தப் பிளே-ஆஃப் 2025 நவம்பரில் பெங்களூரிலேயே நடந்தது. கூட ஸ்லோவேனியாவும் நெதர்லாந்தும். முதலிடம் வாய்க்கவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் இந்தியாவுக்காக இந்தக் கோப்பையில் ஆடியவர். 1998-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் வென்று, ஓப்பன் காலத்தில் (அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968-க்குப் பிறகு) கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். அதே கோயம்புத்தூரிலிருந்து இப்போது மாயா ராஜேஷ்வரன் வந்துகொண்டிருக்கிறார். அவருடைய ஸ்கோரைத் தேடிப் பார்ப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம்.

வீட்டிலிருந்து பார்க்க

நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்வதுதான் முக்கியம். சீனா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே மாலை 5 என்றால் நமக்கு மதியம் 2.30. ஸ்பெயின், இத்தாலி போன்ற நாடுகள் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். படம் கிடைக்காத நாளில் இணையதளத்தில் நேரடி ஸ்கோர் ஓடும். ஸ்கோரை மட்டும் பார்த்து ஆட்டத்தை மனசில் ஓட்டுவதும் ஒரு சுகம்தான், வானொலியில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது தெரியும்.

நேரில் போக நினைத்தால்

தென்கோடியில் இருக்கிறோம், எல்லாமே தூரம் என்று நினைக்கிறோம். ஆனால் நம்மிடம் ரயில் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து புனேக்கு நேரடி வண்டி உண்டு. பெங்களூருக்குக் கேரளம் வழியாக ஐலண்ட் எக்ஸ்பிரஸ், மதுரை வழியாக நாகர்கோவில் - பெங்களூர் வண்டி. தில்லிக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ். சென்னைக்குச் சொல்லவே வேண்டாம். சென்னை நுங்கம்பாக்கம் மைதானத்தில் 2022-இலும் 2025-இலும் பெண்களுக்கான சென்னை ஓப்பன் நடந்தது. அது தனிநபர் போட்டி என்றாலும், ஒரு பந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று நேரில் பார்க்க நமக்குப் பக்கத்திலிருக்கும் இடம் அதுதான்.

2025 நவம்பரில் நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் பெங்களூர் போனேன். மாலையில் நாகர்கோவிலில் ஏறினால் காலையில் அங்கே. ரயில் நிலையத்திலிருந்து ஊதாத் தட மெட்ரோ பிடித்து கப்பன் பார்க்கில் இறங்கினால் எஸ்.எம்.கிருஷ்ணா டென்னிஸ் மைதானம் பக்கம். இரவுக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும், வழிக்கு நேந்திரங்காய் சிப்ஸும் கட்டிக்கொண்டு போனோம். போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று குறிப்பு. தொப்பி வேண்டும். முதல் ஆட்டம் தொடங்குமுன் அரை மணி நேரம் முன்பே போய், வீராங்கனைகள் பயிற்சிப் பந்து அடிப்பதைப் பாருங்கள். கற்றுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது. மூன்றாவதாக, புள்ளி நடக்கும்போது எழுந்து நடக்கக் கூடாது, கூச்சல் கூடாது. புள்ளி முடிந்ததும் தொண்டை கிழியக் கத்தலாம். இந்தப் போட்டியில் மேளம், கொடி, பாட்டு எல்லாம் உண்டு. எங்கள் பிள்ளைகள் முதல் நாள் வாயைத் திறக்கவில்லை. கடைசி நாள் குரலே இல்லாமல் திரும்பினார்கள்.

நம் ஊரில் நடத்த

இனிதான் நான் சொல்ல வந்தது. நம் மாவட்டத்தில் நன்றாக ஆடும் பெண் பிள்ளைகள் விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் திறமைக் குறைவு இல்லை. துணை இல்லாததுதான். ஒருத்தி மட்டும் விடிகாலையில் கோர்ட்டுக்குப் போவதை வீட்டில் எவ்வளவு நாள் விடுவார்கள்? நான்கு பேர் சேர்ந்து போனால் யாரும் கேட்பதில்லை. இந்தக் கோப்பையின் அமைப்புக்கே நான்கு பேர் தேவை. நன்றாக ஆடும் ஒருத்தி, அவளுக்கு அடுத்தவள், வலையோரம் கெட்டியாக நிற்கும் இரட்டையர்க்காரி, ஒரு மாற்று. ரொம்பச் சுமாராக ஆடுபவளுக்கும் அணியில் இடம் கிடைக்கிறது. அதற்காகத்தான் இதை நடத்தச் சொல்கிறேன்.

அணிகளை எப்படிப் பிரிப்பது? பள்ளிவாரியாகப் பிரித்தால் பெரிய பள்ளிகளே ஜெயிக்கும். நம் மாவட்டத்தில் ஆறு தாலுகா: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர். தாலுகாவுக்கு ஓர் அணி. பிள்ளைகளும் ஊர்ப் பெருமைக்காக ஆடுவார்கள்.

ஆறு அணி என்றால் அட்டவணையில் எட்டு இடம் போடுங்கள். இரண்டு இடம் காலி, அதற்கு எதிரில் வரும் இரண்டு அணிகளுக்கு 'பை', அதாவது நேராக அரையிறுதி. சீட்டுக் குலுக்கியே பை கொடுங்கள், எல்லார் முன்னிலையிலும். நாக்-அவுட்டில் எத்தனை டை வரும் என்று குழம்ப வேண்டாம்: அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழியுங்கள். ஆறு அணிக்கு ஐந்து டை, பதினைந்து ஆட்டம்.

ஒரே ஒரு கோர்ட் இருந்தால்கூட இரண்டு நாளில் முடிக்கலாம். அதற்கு ஆட்டத்தைச் சுருக்க வேண்டும். செட்டுக்கு ஆறு கேமுக்குப் பதில் நான்கு. டியூஸ் வந்தால் நீட்டாமல் ஒரே புள்ளியில் முடிவு. அந்தச் சர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்று எதிராளி தேர்ந்தெடுப்பார். ஆளுக்கொரு செட் ஆனால் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக். இவை எல்லாம் சர்வதேச விதிகளே அனுமதிக்கும் மாற்று முறைகள். இப்படி ஆடினால் ஓர் ஆட்டம் சுமார் 50 நிமிடம், ஒரு டை இரண்டரை மணி நேரம். சனிக்கிழமை காலை 6 மணிக்கு முதல் டை, 8.30-க்கு இரண்டாவது. வெயில் ஏறியதும் நிறுத்திவிட்டு மாலை 3.30-க்கு முதல் அரையிறுதி. ஞாயிறு காலை இரண்டாவது அரையிறுதி, மாலை இறுதி. மழை வந்தாலும் ஞாயிறு நடுப்பகல் கையில் இருக்கும்.

மழையைச் சொன்னதால் மாதத்தையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரிலிருந்து வடகிழக்கு. ஏப்ரல், மே வெயிலும் சேராது. பொங்கல் கழிந்து பொதுத்தேர்வுக்கு முன் வரும் சில வாரங்கள்தான் சரியான காலம். தோவாளைப் பக்கம் நடத்துவதாக இருந்தால் காற்றையும் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சர்வுக்குத் தூக்கிப் போட்ட பந்து தலைக்குப் பின்னால் போய் விழும். காற்று குறைந்த காலையை விடாதீர்கள்.

சரி, டென்னிஸ் கோர்ட் இல்லாத இடத்தில்? முழு கோர்ட்டின் நீளம் 78 அடி. அகலம் ஒற்றையருக்கு 27, இரட்டையருக்கு 36. வலை நடுவில் 3 அடி உயரம். பல பள்ளி, கல்லூரிகளில் சிமெண்ட் கூடைப்பந்துத் தளம் இருக்கிறது. அதன் நீளம் 28 மீட்டர். முழு டென்னிஸ் கோர்ட்டைக் கோடு போட்டால் பின்னால் ஓட இடம் இருக்காது, பிள்ளைகள் சுவரில் மோதுவார்கள். அதற்குப் பதில் 18 மீட்டர் நீளம் கொண்ட சின்னக் கோர்ட்டை அதே தளத்தில் சுண்ணாம்பால் வரைந்து, வலையை 80 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டி, ஆரஞ்சுப் பந்தில் ஆடுங்கள். அந்தப் பந்து சாதாரணப் பந்தைவிடப் பாதி வேகத்தில் வரும், அதிகம் எம்பாது. புதிதாகப் பிடித்த பிள்ளைகூட நான்கைந்து முறை திருப்பி அடிப்பாள். திருப்பி அடிக்க முடிந்தால்தான் நாளைக்கும் வருவாள். புதிதாகக் கோர்ட் அமைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் நீளவாக்கை வடக்குத் தெற்காக வையுங்கள், காலையும் மாலையும் சூரியன் கண்ணில் அடிக்காது.

நடுவர் எல்லாருக்கும் கிடைக்க மாட்டார்கள். அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவரே சொல்லட்டும். விதி ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் பந்து உள்ளே, புள்ளி எதிராளிக்கு. ஒவ்வோர் அணிக்கும் ஒரு கேப்டன் கோர்ட்டுக்குள் உட்காரட்டும். அது ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. அடிபட்டு ஆட முடியாத அக்கா ஒருத்தி இருந்தால் அவளை உட்கார வையுங்கள்.

உடையைப் பற்றி வீடுகளில் கேட்பார்கள். பாவாடை போட வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. டிராக் பேண்ட், முழங்கால் தாண்டிய கால்சட்டை, எதுவானாலும் ஓட வசதியாக இருந்தால் சரி. காலணி மட்டும் அடி தட்டையாக, வழுக்காததாக இருக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மைதானத்துக்குப் பிள்ளைகளை ஆடக் கூட்டிப் போனேன். கழிப்பறைக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று மத்தியானம் வரை ஆளைத் தேடினோம். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஆடியிருக்கிறார்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து கோர்ட்டைப் பார்ப்பதற்கு முன் கழிப்பறையைத்தான் நான் பார்க்கிறேன். சாவி, தண்ணீர், பக்கெட், சோப்பு, நாப்கின், மாற்றுடை மாற்ற ஓர் அறை. இவை சரியாக இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். அதேபோல் கடைசி ஆட்டம் இருட்டுவதற்குள் முடிய வேண்டும்; குலசேகரம், களியக்காவிளை பக்கமிருந்து வந்த பிள்ளைகளுக்கு பஸ் நேரத்தை முதல் நாளே எழுதி வையுங்கள்.

அந்த இரண்டு நாளில் கண்ணில் படும் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட வேண்டாம். பெயரை அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பதிவு செய்தால் 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் ஆடித் தரவரிசை வாங்கலாம். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஜூனியர் பில்லி ஜீன் கிங் கோப்பையே தனியாக நடக்கிறது. பெரியவர்களுக்கான கோப்பையில் ஆட 14 வயது நிரம்பியிருந்தால் போதும்.

கடைசியாக மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி. முதல் இரண்டு ஆட்டத்திலேயே டை முடிந்துவிட்டால் பில்லி ஜீன் கிங் கோப்பையின் நாக்-அவுட்டில் இரட்டையரை விட்டுவிடுவார்கள். 2025 இறுதியில் இத்தாலி அமெரிக்காவை 2-0 என்று வென்றதும் அதோடு முடிந்தது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஸ்கோர் 2-0 ஆனாலும் இரட்டையரை ஆட விடுங்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் விடிவதற்கு முன் பஸ் ஏறி வந்தவர்கள்.